மெழுகுவத்தி செய்யத் தெரியும், வேலை கிடைக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. அறிவுசார் குறைபாடு 60 சதவீதம் என்று சான்றிதழ் இருக்கிறது. சிறப்புப் பள்ளிக்குப் போகிறான். பெயர் எழுதுவான், 20 வரை எண்ணுவான். 18 வயதோடு பள்ளி முடிந்துவிடும். மெழுகுவத்தி, பினாயில், காகித உறை செய்யச் சொல்லித்தருகிறார்கள். இதை வைத்து வேலை கிடைக்குமா? அவன் அப்பா, “கம்பெனிக்கெல்லாம் வேண்டாம், வீட்டோடு இருக்கட்டும்” என்கிறார்.
- ஒரு தாய், திருப்பூர்

பதில்: மெழுகுவத்தியை நம்பி இருக்காதீர்கள், சகோதரி. ஓரிடத்தில் உட்கார்ந்து, எடுத்ததை முடிக்கும் பழக்கம் அதில் வரும். அந்த அளவுக்கு அது நல்லது. ஆனால் திருப்பூரில் ஆள் தேடுவது பனியன் கம்பெனிகள். எனவே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய யூனிட்டுகளில் என்னென்ன வேலை நடக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். அதில் அவனால் முடிந்த ஒன்றை எடுத்து, அதற்கு மட்டும் பழக்குங்கள். 18 முடியும்வரை சம்பள வேலை வேண்டாம். இந்த இரண்டு வருடமும் பழகுவதற்கு.

எல்லோரும் பிசிறு வெட்டும் வேலையைத்தான் சொல்வார்கள். பார்க்க எளிது. ஆனால் டிரிம்மர் நூலோடு துணியையும் கவ்விவிட்டால் அந்த பீஸ் போச்சு. இரண்டு நாள் அப்படி நடந்தால் சூப்பர்வைசர் பொறுக்கமாட்டார். பேக்கிங் பக்கம் போங்கள். மடித்த பீஸை பாலிபேக்கில் போடுவது, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டுவது, டஜன் டஜனாக அடுக்குவது எல்லாமே, தப்பு வந்தாலும் பிரித்துத் திரும்பச் செய்யக்கூடியவை. கட்டிங் டேபிள், ஸ்டீம் அயர்ன் பக்கம் தொடக்கத்தில் விட வேண்டாம்.

ஸ்டிக்கர் ஒட்ட ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கழுத்து லேபிளில் இருக்கும் எழுத்தும் ஸ்டிக்கரில் இருக்கும் எழுத்தும் ஒன்றா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். எல், எக்ஸ்எல் இரண்டிலும் ‘எல்’ இருப்பதால் அங்கேதான் குழப்பம் வரும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு சைஸ் மட்டும் இருந்தால் அது தீர்ந்துவிடும். 20 வரை எண்ணுகிற பையன்கூட, நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கையைத் தவறவிடுவான். அதற்கு ஒரு அட்டையின் இடப்பக்கம் 12 துணிக் கிளிப் மாட்டுங்கள். ஒரு பீஸ் அடுக்கினால் ஒரு கிளிப்பை வலப்பக்கம் மாற்றணும். இடப்பக்கம் காலியானால் ஒரு டஜன்.

வீட்டில் பழைய டி-ஷர்ட்டுகளையும் ஒரு கட்டு பாலிபேக்கையும் வைத்துப் பழக்கலாம். வேலையை ஆறு, ஏழு படிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் எல்லாப் படியையும் நீங்கள் செய்யுங்கள். பையை ஒட்டி மூடும் கடைசிப் படி மட்டும் அவனுக்கு. அது கைவந்ததும் கடைசி இரண்டு படி, பிறகு மூன்று. இப்படிப் பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு தடவையும் முடித்தது அவனாக இருப்பான். அவனுக்கு அதில் வரும் தெம்பைப் பார்ப்பீர்கள். கையைப் பிடித்துக் காட்டுவது, பிறகு முழங்கையைத் தொடுவது, பிறகு சைகை, கடைசியில் சும்மா பக்கத்தில் நிற்பது என்று உதவியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். “அடுத்து என்ன கண்ணு, அடுத்து என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். நாளடைவில் அந்தக் குரல் கேட்டால்தான் கை நகரும் என்றாகிவிடும். கம்பெனியில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

இந்தப் பிள்ளைகள் வேலையை இழப்பது பெரும்பாலும் வேலை தெரியாமல் அல்ல. டீ நேரம் முடிந்தும் உள்ளே வராதது, பாத்ரூம் கதவைச் சாத்தாதது, ஸ்டிக்கர் தீர்ந்ததும் யாரிடமும் கேட்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பது ஆகியவைதான் காரணமாகின்றன. வேண்டுமென்றே பாதியில் ஸ்டிக்கரைத் தீர விடுங்கள். “ஸ்டிக்கர் தீந்துருச்சுங்ணா” என்று அவனாகச் சொல்லும்வரை காத்திருங்கள். யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டாலோ சம்பளக் காசைக் கேட்டாலோ “வேண்டாம்” என்று உரக்கச் சொல்லிவிட்டு நகர்ந்து போவதையும் இதே மாதிரி நடித்துப் பழக்க வேண்டும். பள்ளியில் இதைச் சொல்லித்தருகிறார்களா என்று கேளுங்கள்.

அவன் அப்பாவின் பயம் நியாயமானது. பஸ் பயிற்சியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். மகன் என்ன செய்வான் என்பதை அவர் நேரில் பார்க்கட்டும். சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் கிடையாது. பஸ் எண்ணை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்து ஒத்துப்பார்க்கச் சொல்லலாம். இறங்கும் இடத்துக்கு முந்தின நிறுத்தத்தில் ஒரு கோயிலோ பெட்ரோல் பங்க்கோ அடையாளம் வைத்து, அதைக் கண்டதும் எழுந்து நிற்கப் பழக்குங்கள். முதலில் பக்கத்தில் உட்கார்வது, பிறகு இரண்டு சீட் பின்னால், பிறகு நிறுத்தத்தில் காத்திருப்பது. ஒருநாள் வேண்டுமென்றே ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கச் செய்து, போனை எடுத்து அப்பாவைக் கூப்பிடுகிறானா என்றும் பார்த்துவிட வேண்டும்.

முதலாளியிடம் “பாவம், ஏதாவது வேலை கொடுங்க” என்று கேட்காதீர்கள். பரிதாபத்தில் கிடைக்கும் வேலை மேனேஜர் மாறினால் போய்விடும். “ஒரு சைஸ் கொடுத்தால் தப்பில்லாமல் பேக் பண்ணுவான், ஒரு வாரம் பாருங்கள்” என்று கேளுங்கள். முதல் வாரம் இரண்டு மணி நேரம், பிறகு அரை ஷிப்ட், பிறகு ஒரு ஷிப்ட். ஒன்றரை ஷிப்ட் வேண்டவே வேண்டாம். ஷிப்மென்ட் நெருக்கடி இருக்கும் வாரத்தில் சேர்க்காதீர்கள். அப்போது யாருக்கும் சொல்லித்தர நேரமிருக்காது. எத்தனை பீஸ் முடித்தான் என்று பார்த்துக் கூலி தரும் பீஸ் ரேட்டை விட ஷிப்ட் சம்பளமே இவனுக்கு நல்லது. அதே மேசையில் வேலை செய்யும் நிதானமான ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். நீங்கள் போய் உட்காராதீர்கள். மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள்: பேக்கிங்குக்கு எடுத்த பையனை டீ வாங்க, குப்பை அள்ள என்று எடுபிடியாக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.-க்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு; 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவுசார் குறைபாடும் அதில் சேரும். ஆனால் தேர்வும் கல்வித்தகுதியும் தேவைப்படுவதால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

சான்றிதழ் இருக்கிறது என்றீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு இப்போதே விண்ணப்பியுங்கள். அவன் பெயரில் வங்கிக் கணக்கையும் 18-க்கு முன்பே தொடங்கிவிடுங்கள். 18 ஆனதும் பெற்றோர் என்ற முறையில் நீங்கள் தானாகவே காப்பாளராகத் தொடரமாட்டீர்கள். பல குடும்பங்களுக்கு இது வங்கியில் போய் நிற்கும்போதுதான் தெரிகிறது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வ காப்பாளர் சான்றிதழ் வாங்கலாம். அவனே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் அதையே தொடரவிடுங்கள். முடியாத இடத்துக்கு மட்டும் சான்றிதழ் போதும்.