அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகத்தில் புரோகிராமிங் படிக்கலாமா?

கணினி கேள்வி–பதில்

கேள்வி: மகள் பி.யு.சி. முடித்து பொறியியல் சேரப்போகிறாள். அவென்யூ ரோட்டில் சி, சி++, ஜாவா, பைத்தான் என்று பழைய புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. விலையும் மலிவு. நம்பி வாங்கலாமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: எந்த மொழி என்பதைப் பொறுத்தது. சி என்றால் பழசு பாதகமில்லை. கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு 1988-ல் வந்தது. இன்றும் தாராளமாக வாங்கலாம். ஆனால் முதல் புரோகிராமிலேயே மகள் முட்டிக்கொள்ளக்கூடும். அதில் 'மெயின்' என்பதற்கு முன்னால், முழு எண்ணைக் குறிக்கும் 'இன்ட்' இருக்காது. 2024-ல் வந்த ஜி.சி.சி. 14 கம்பைலர் (புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) அதைப் பிழை என்று நிறுத்திவிடும். 'இன்ட்' சேர்த்தால் ஓடும். சில பக்கம் தள்ளி 'கெட்லைன்' என்றொரு ஃபங்ஷன் (தனிப் பெயர் கொண்ட புரோகிராம் துண்டு) வரும். லினக்ஸில் அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருப்பதால் இரண்டும் மோதும். பெயரை மாற்றிக்கொண்டால் போதும்.

தொடவே வேண்டாதவை டர்போ சி என்ற பழைய கம்பைலர் காலத்துப் புத்தகங்கள். கடையில் நின்றபடியே கண்டுபிடிக்கலாம். 'இன்ட்' என்றால் 2 பைட், அதிகபட்சம் 32767 என்று அட்டவணை போட்டிருக்கிறதா? புரோகிராமுக்குப் புரோகிராம் 'கோனியோ டாட் எச்' வருகிறதா? அப்படியே வைத்துவிடுங்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துச் சரக்கு அது. இன்றைய கணினிகளில் 'இன்ட்' பெரும்பாலும் 4 பைட். சி++ புத்தகத்தில் 'ஐஓஸ்ட்ரீம்' பின்னால் 'டாட் எச்' ஒட்டியிருந்தால், 1998-ல் வந்த தரநிலைக்கு முந்தைய எழுத்துமுறை.

பைத்தானில் 'பிரிண்ட்' என்பதையடுத்து அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்தது. பிரிண்ட் தகராறு உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் குழப்புவது வகுத்தல்தான். 5-ஐ 2-ஆல் வகுத்தால் புத்தகத்தில் 2 என்றிருக்கும், திரையில் 2.5 வரும். பாவம், பிள்ளை தன் மேல்தான் தப்பு என்று நினைப்பாள். ஜாவா புத்தகத்தில் பிரவுசருக்குள் ஓடும் ஆப்லெட்டுக்குத் தனி அத்தியாயம் இருந்து, லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) பற்றிப் பேச்சே இல்லையென்றால், 2014-ல் வந்த ஜாவா 8-க்கு முந்தியது.

மறுஅச்சு ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். போன வருடம் அச்சடித்தது 2005-ம் ஆண்டுப் பதிப்பாகவே இருக்கலாம். பதிப்பு எத்தனையாவது, எந்த ஆண்டு என்பதுதான் கணக்கு. நடைபாதையில் புத்தம்புதுப் புத்தகம் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் திருட்டு அச்சாக இருக்கும். மங்கலான அச்சில் ஒன்று என்ற எண்ணுக்கும் ஆங்கிலச் சின்ன 'எல்' எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாது; அரைநாள் அதிலேயே போகும்.

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் சப்போர்ட் வேலை. பள்ளிப்படிப்பு தமிழ் வழி. பைத்தான் படிக்க எந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தாலும் இரண்டாம் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறது. தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும்.
– வாசகர், பெங்களூரு

பதில்: தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இருக்கிறது. தமிழ் வழி நூல் பி.டி.எஃப். ஆக இலவசமாகவே கிடைக்கும். விஷயம் பிடிபட அது போதும், கை பழகப் போதாது. கூடவே ஆலன் டவ்னியின் 'திங்க் பைத்தான்' வைத்துக்கொள்ளுங்கள். 2024-ல் வந்த மூன்றாம் பதிப்பை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அத்தியாய முடிவில் கலைச்சொல் விளக்கமும் பயிற்சிகளும் உண்டு. ஒரு தலைப்பை முதலில் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில்தான் வரும் என்பதால் ஆங்கிலத்தை ஒரேயடியாக ஒதுக்க முடியாது.

பாதியில் நிற்பதற்கு மொழியை மட்டும் குறை சொல்ல வேண்டாம். கதைப் புத்தகம்போல வாசித்துக்கொண்டே போனால் யாருக்கும் நிற்கும். 15 நிமிடம் வாசிப்பு, மீதி 45 நிமிடம் கீபோர்டு; நாளுக்கு 5 பக்கம் நகர்ந்தாலே நல்ல வேகம். காப்பி-பேஸ்ட் கூடாது. ஓடவிடும் முன் என்ன விடை வரும் என்று தாளில் எழுதுங்கள். ஓடியபின் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்: 'இஃப்' வரியின் முக்காற்புள்ளியை எடுங்கள், அடுத்த வரியின் முன்னிடைவெளியை அழியுங்கள். வரும் பிழைச்செய்தியை நோட்டில் குறித்துவையுங்கள். பின்னால் நிஜமாகவே மாட்டும்போது பயம் இருக்காது. பயிற்சி அரைமணியில் வரவில்லையா, மறுநாள் பாருங்கள். சாட்ஜிபிடியிடம் பிழைச்செய்திக்கு அர்த்தம் கேட்கலாம், விடையைக் கேட்டால் பயிற்சி போச்சு.

கேள்வி: நான்கு மாதத்தில் நேர்காணல். 1,300 பக்க அல்காரிதம் புத்தகம் அவசியமா?
– வாசகர், கோரமங்களா

பதில்: 'இன்ட்ரொடக்‌ஷன் டு அல்காரிதம்ஸ்' என்று தெரிகிறது. காசு போட்டு வாங்க வேண்டாம், நூலகப் பிரதி போதும். அதில் இருப்பது சூடோகோடுதான், அதாவது அப்படியே ஓட்ட முடியாத வழிமுறைக் குறிப்பு; நிரூபணங்களைத் தொடர டிஸ்க்ரீட் கணிதமும் தெரிந்திருக்க வேண்டும். சார்ட்டிங் (வரிசைப்படுத்தல்), ஹாஷ் டேபிள், கிராஃப் தேடல், டைனமிக் புரோகிராமிங் பகுதிகளை மட்டும் எடுங்கள். படித்ததை உங்கள் மொழியில் எழுதுங்கள். சார்ட்டிங் என்றால் காலி அரே (அரே என்பது மதிப்புகளின் வரிசை), ஒரே எண் உள்ள அரே, ஒரே எண் திரும்பத் திரும்ப வரும் அரே மூன்றையும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ரெட்-பிளாக் மரம் என்ற சிக்கலான தரவு அமைப்பை வேலை கிடைத்தபின் பார்த்துக்கொள்ளலாம்.