ஊழியத்துக்குக் கிளம்புமுன் நகையைத் திருப்புங்கள்

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் (வயது 64, 61). பாளையங்கோட்டையில் சொந்த வீடு. வரும் ஜூன் முதல் இரண்டு ஆண்டுகள் கோலார் தங்கவயலில் வாலிபர்களுக்குப் பாடமும் வேதமும் சொல்லிக்கொடுக்கும் ஊழியத்துக்குப் போகிறோம். வீடு தருகிறார்கள்; சம்பளம் கிடையாது. சாப்பாடு, மருந்து, பயணம் எங்கள் பொறுப்பு. இருவர் பென்ஷனும் சேர்ந்து ரூ.71,000. வைப்புநிதி ரூ.22 லட்சம். இளைய மகன் தொழிலுக்காக 18 பவுன் நகையை வங்கியில் வைத்தோம், ரூ.3 லட்சத்தில் தொடங்கியது, வருடா வருடம் மாற்றி வைத்து அவனுக்கு இன்னும் ஒரு லட்சம் எடுத்துக் கொடுத்ததில் இன்று ரூ.7.45 லட்சத்தில் நிற்கிறது. அவன் கார் தவணை ரூ.15,000-மும் நாங்கள்தான் கட்டுகிறோம். கிளம்புமுன் அவனுடைய பெர்சனல் லோனுக்குக் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்தும், வீட்டுக்குப் பவரும் கேட்கிறான். மாத வருமானம் வரும் என்று சொல்லி, ஆண்டுக்கு ரூ.3 லட்சம் கட்டும் யூலிப் (சந்தை முதலீட்டோடு சேர்ந்த காப்பீடு) ஒன்றுக்கு வங்கியில் விண்ணப்பமும் முதல் பிரீமியமும் வாங்கிவிட்டார்கள். வைப்புநிதியை உடைத்து அதைத் தொடரலாமா? சம்பளம் இல்லாமல் இரண்டு வருடம் ஓட்ட முடியுமா?

பதில்: ஐயா, தாராளமாக ஓட்டலாம். உங்கள் கடிதத்தில் பற்றாக்குறை எதுவும் இல்லை, ஒழுக்குதான் இருக்கிறது. அதை அடைக்காமல் எந்தத் திட்டத்தில் போட்டாலும் ஒன்றுதான்.

முதலில் மாதக் கணக்கு. வாடகை இல்லை என்பதால் இருவருக்கும் மளிகை, பால், கேஸ் 14,000, மின்சாரம், போன் 2,000, மருந்து 4,000, வருடத்தில் இரண்டு முறை ஊருக்கு வந்துபோக மாதக் கணக்கில் 3,000, வகுப்புச் செலவு 7,000. ஆக 30,000. பூட்டிக் கிடக்கும் வீட்டின் வரி, பராமரிப்பு, காப்பீடு என்று ஒரு 5,000. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) 7,000. எல்லாம் சேர்த்து 42,000. பென்ஷனில் 29,000 மிச்சம்! மாத வருமானத் திட்டம் எதுவும் உங்களுக்குத் தேவைப்படவே இல்லை.

இப்போது நகைக்கு வருவோம். ஒவ்வொரு வருடமும் கெடு வந்ததும் வட்டியைக் கட்டாமல் கடனோடு சேர்த்து மாற்றி வைத்திருக்கிறீர்கள். தங்கம் விலை ஏறியதால் அதே 18 பவுனுக்கு வங்கி கூடுதலாகக் கொடுத்தது. அந்தக் கூடுதலில் வருடம் ஒரு லட்சம் மகன் கைக்குப் போனது. 11% வட்டி என்று வைத்தால் 3 லட்சம் முதல் வருட முடிவில் 3.33, ஒரு லட்சம் சேர்ந்து 4.33. அடுத்த வருடம் 4.81, மீண்டும் ஒரு லட்சம், 5.81. மூன்றாம் வருடம் 6.45, மீண்டும் ஒன்று, 7.45. மகன் வாங்கியது 6 லட்சம். மீதி 1.45 லட்சம் வட்டி. அதில் ஒரு ரூபாயைக்கூட நீங்கள் கையில் எண்ணிக் கொடுக்கவில்லை, அதனால்தான் வலிக்கவில்லை.

இனி இந்த வழி அடைபடும். 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் ரிசர்வ் வங்கி விதிப்படி, முடிவில் மொத்தமாக அடைக்கும் இந்த மாதிரி நகைக்கடன் 12 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிக்கலாம். அதாவது அடுத்த கெடுவில் சுமார் 82,000 ரொக்கமாக வேண்டும். அந்த நேரம் நீங்கள் தங்கவயலில் இருப்பீர்கள். கெடு தவறினால் ஏல நோட்டீஸ் பதிவுத் தபாலில் பாளையங்கோட்டை முகவரிக்குப் போகும். பூட்டிய வீட்டில் தபால்காரர் என்ன செய்வார்? சீட்டு ஒட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். நகை ஏலம் போன பிறகு உங்களுக்குத் தெரியவரும்.

ஆகவே கிளம்புமுன் நகையைத் திருப்புங்கள். வைப்புநிதி 7% தருகிறது, கடன் 11% தின்கிறது, 7.45 லட்சத்தில் வருடத்துக்கு 30,000 வீணாகிறது. எல்லா வைப்பையும் உடைக்க வேண்டாம். சமீபத்தில் போட்டதை முதலில் உடையுங்கள். அதில் இழக்கும் வட்டி குறைவு. முன்கூட்டி எடுத்தால், பணம் இருந்த காலத்துக்கு உரிய வட்டியிலிருந்து பெரும்பாலான வங்கிகள் அரை முதல் ஒரு சதவீதம் குறைக்கும். இரண்டு மூன்று மாதத்தில் முதிரப்போகிற வைப்பு இருந்தால் அதன்மேல் கடன் எடுத்து நகையை மீட்டு, முதிர்ந்ததும் அடைத்துக்கொள்ளலாம். நகை நேராக லாக்கருக்குப் போகட்டும். லாக்கரை நீங்கள் இருவர் மட்டுமே திறக்கும்படி இருக்க வேண்டும்.

மிச்சம் ஏறத்தாழ 14.5 லட்சம். அதில் 8 லட்சத்தை உங்கள் மனைவி பெயரில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். இப்போதைய 8.2 சதவீதத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 16,400 வரும். ஒரு வருடத்துக்குள் எடுத்தால் வட்டி கிடையாது என்பதால் மீதி 6.5 லட்சத்தை ஒவ்வொரு லட்சமாகப் பிரித்து வைப்புநிதியிலேயே வைத்திருங்கள். மருத்துவச் செலவு வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

மகன் விஷயம். அவரிடம் வங்கி ஏன் அப்பாவின் கையெழுத்தைக் கேட்கிறது? அவருடைய சிபில் மதிப்பெண்ணை (கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண்) நம்பிக் கொடுக்க மனமில்லை, உங்கள் பென்ஷனை நம்பிக் கொடுக்கிறார்கள். கூட்டுக் கடன்தாரர் என்றால் முழுக் கடனுக்கும் நீங்களே பொறுப்பு, பாதிக்கு அல்ல. அவர் தவணை தவறினால் உங்கள் கடன் வரலாறும் கெடும், அதே வங்கியில் உள்ள உங்கள் வைப்பிலும் கை வைக்கலாம். கையெழுத்துப் போடாதீர்கள். கார் தவணையில் இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்டு, ஆறு மாதம் கட்டுவோம், அதற்குப் பின் நீ கட்டு அல்லது காரை விற்றுவிடு என்று எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொன்னால் நிற்காது. பொதுப் பவர் கூடவே கூடாது. அதை வைத்து வீட்டை விற்கவும் அடமானம் வைக்கவும் முடியும். வாடகைக்கு விடுவதானால் வாடகை வசூலுக்கும் வரி கட்டவும் மட்டும் சிறப்பு அதிகாரப் பத்திரம் எழுதி நம்பகமான வேறொருவரிடம் கொடுங்கள்.

இதே பழக்கம் உங்களோடு ரயிலேறி தங்கவயலுக்கும் வரும். அங்கே சுரங்கம் 2001-இல் மூடியது. இளைஞர்களில் பலர் மாரிக்குப்பத்திலிருந்து அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் என்று பெயர் வந்ததும் தேர்வுக் கட்டணம், சீசன் டிக்கெட், அவர்கள் அம்மாவின் குழுக் கடனுக்கு ஒரு கையெழுத்து என்று வரிசையாக வரும். எல்லாம் உண்மையான கஷ்டம்தான், அதுதான் சிக்கலே. மாதம் 2,000 என்று ஒரு தொகையை அங்குள்ள சபையின் சேகரக் கமிட்டியிடம் கொடுத்துவிடுங்கள். யாருக்கு என்பதை அவர்கள் முடிவு செய்து பள்ளிக்கே நேரடியாகக் கட்டட்டும். கைமாற்று வேண்டாம். ஜாமீன் யாருக்கும் வேண்டாம்.

வகுப்புச் செலவு 7,000 என்றேனே, அதில்தான் இந்த 2,000-மும் அடக்கம். இங்கிருந்து தமிழ்ப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளில் பலர் பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ படித்தவர்கள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் வருவார்கள். பேச்சு தமிழில், தாளும் பலகையும் கன்னடத்தில் என்றால்தான் கணக்குப் பாடம் நகரும். அதற்கு இரண்டு மொழியும் எழுதத் தெரிந்த உள்ளூர்க் கல்லூரி மாணவர் ஒருவருக்கு மாதம் 3,500 கொடுத்து, கேள்வித்தாளைக் கன்னடத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஜெராக்ஸ், சாக்பீஸ், டீ எல்லாம் மிச்சம் 1,500-க்குள் அடங்கும். வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இரவு எட்டு மணிக்கு மேலோ ஞாயிறு மாலையோ வைத்தால் வருவார்கள். மாலை ஐந்துக்கு வைத்தால் நாற்காலிகள்தான் இருக்கும்.

கடைசியாக அந்த யூலிப். இரண்டு வருடத்துக்குப் பணம் தேடுகிறவருக்கு ஐந்து வருட லாக்-இன் உள்ள, அதுவரை பணத்தை எடுக்க முடியாத திட்டத்தை விற்றவரிடம் கேட்க எனக்கும் சில கேள்விகள் உண்டு. நீங்கள் கேட்க வேண்டாம், ரத்து செய்தால் போதும். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் ஃப்ரீ-லுக் காலம். அதற்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் ரத்துக் கடிதம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். முத்திரைத் தாள் செலவு, சிறு கழிவுகள் போகப் பணம் திரும்பும், யூனிட் விலை இறங்கியிருந்தால் அதற்கேற்பக் குறையும். வங்கி மேலாளரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது ரத்து ஆகாது. இந்த வாரமே செய்யுங்கள், மற்றதெல்லாம் ஜூனுக்குள் முடித்தால் சரி.