ரோஜாச் சிலுவைப் பள்ளியில் சேரலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆறு ஆண்டுகளாக நெதர்லாந்தில் வேலை பார்க்கிறேன். கத்தோலிக்கக் குடும்பம். உடன் வேலை செய்பவர் ஒருவர் கூப்பிட்டு, லெக்டோரியம் ரோசிக்ரூசியானம் (ரோஜாச் சிலுவைப் பள்ளி) என்ற ஆன்மிகப் பள்ளியின் அறிமுக வகுப்புகளுக்குப் போய்வந்தேன். மனதுக்குப் பிடித்திருக்கிறது. உறுப்பினராகச் சேரலாமா என்று யோசிக்கிறேன். இவ்வுலகைத் தீமையின் படைப்பாகக் கண்ட இடைக்காலக் கிறிஸ்தவப் பிரிவினரான கதார்கள், ரோஜாச் சிலுவைச் சகோதரத்துவத்தை நிறுவியதாகச் சொல்லப்படும் கிறிஸ்டியன் ரோசன்க்ராய்ட்ஸ் என்று பல நூற்றாண்டு மரபைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் பள்ளி தொடங்கியது 1924இல் என்றும் படித்தேன். அப்படியென்றால் அந்த மரபு பொய்யா? என் மனைவி பயப்படுகிறாள். என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

1924 சரிதான். பள்ளியே அதை மறைப்பதில்லை. ஹார்லெம் நகரத்தைச் சேர்ந்த யான் லேனே, ஸ்வீர் வில்லெம் லேனே என்ற அண்ணன் தம்பி இருவர், தாங்கள் வளர்ந்த புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபையில் மனம் ஒட்டாமல், மாக்ஸ் ஹைண்டல் 1909இல் அமெரிக்காவில் நிறுவிய ரோசிக்ரூசியன் அமைப்பின் டச்சுக் கிளையில் சேர்ந்தார்கள். கேதரோஸ் டி பெட்ரி என்று பிறகு அறியப்பட்ட பெண்மணி 1930இல் வந்து சேர்ந்தார். 1935இல் அமெரிக்கத் தலைமையை விட்டுப் பிரிந்தார்கள். நாஜிகள் நாட்டைப் பிடித்ததும் தடை வந்தது. இன்றைய பெயர் போருக்குப் பிறகு வைத்தது. யான் லேனேதான் நீங்கள் வகுப்பில் கேட்டிருக்கக்கூடிய யான் ஃபான் ரைக்கன்போர்க்.

ஹைண்டல் அதற்கு முன் லாஸ் ஏஞ்சலஸில் தியசாபிக்கல் சொசைட்டியில் (பிரம்மஞான சபை) இருந்தவர். 1882 முதல் நம் அடையாறில் தலைமையகம் வைத்திருக்கும் அதே சொசைட்டி. கர்மா என்ற சொல் ஒரு டச்சுக் கிறிஸ்தவப் பள்ளியில் அவ்வளவு சாதாரணமாகப் புழங்குவது எப்படி என்று யோசித்திருந்தால், அது போன வழி இதுதான்.

சரி, ரோசன்க்ராய்ட்ஸ். 1614இல் ஜெர்மனியின் காசெல் நகரத்தில் ஆசிரியர் பெயர் இல்லாமல் ஒரு சிறு நூல் அச்சானது. ஃபாமா ஃப்ரடெர்னிடாடிஸ். அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. சகோதரர்களில் ஒருவர் கட்டடக் கலை தெரிந்தவர். வீட்டில் மராமத்து வேலை செய்கிறார். சுவரில் பித்தளைப் பலகை ஒன்று, அதில் பெரிய ஆணி. ஆணியைப் பலமாகப் பிடுங்க, கூடவே ஒரு கல்லும் பெயர்ந்து வருகிறது. காரைக்குப் பின்னால் ஒரு கதவு. '120 ஆண்டுகளுக்குப் பின் திறப்பேன்' என்று அதில் எழுதியிருக்கிறது. உள்ளே ஏழு சுவர்கள் கொண்ட அறை. சூரியன் எட்டாத அந்த அறையில் வெளிச்சம் இருக்கிறது. நடுவில் பீடம், அடியில் ரோசன்க்ராய்ட்ஸின் அழியாத உடல், கையில் தோல்சுவடி. முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ட்யூபிங்கன் நகரத்து இளம் லூத்தரன் அறிஞர்கள் சிலரின் வட்டத்தில் பிறந்த கதை இது. அவர்களில் ஒருவரான யோஹான் வாலண்டின் ஆண்ட்ரேயே, இந்த வரிசையில் 1616இல் வந்த மூன்றாவது நூலைத் தான் எழுதியதாகப் பிறகு ஒப்புக்கொண்டார். 'விளையாட்டு' என்று அதைச் சொன்னார். குருவிடமிருந்து சீடனுக்குக் கைமாறி வந்த சங்கிலி எதுவும் அங்கிருந்து ஹார்லெமுக்கு வரவில்லை. கதார்களும் அப்படித்தான். 1244இல் மோன்செகூர் மலையடியில் இருநூறுக்கும் மேற்பட்ட கதார்களை உயிரோடு எரித்தார்கள். அந்தப் பிரெஞ்சு மலைப்பகுதியில் கதார் நினைவுகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்த அன்தொனேன் கதால் என்ற முதியவருடன் இந்தப் பள்ளிக்கு உறவு வந்தது போருக்குப் பின்னர். 1957இல் அங்கே ஒரு நினைவுக்கல் வைத்தார்கள்.

இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். படித்து, மனம் தோய்ந்து, இவர்களே நம் முன்னோர் என்று ஏற்றுக்கொண்ட மரபு இது. அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் பழமைக்காகச் சேராதீர்கள். நான் இருபத்தெட்டு வயதில் வேறொரு மறைஞானக் குழுவில் ஒன்றரை ஆண்டு இருந்தேன். 'ஆதிமுதல் வரும் சங்கிலியில் நீயும் ஒரு கண்ணி' என்ற ஒற்றைச் சொல்லில் விழுந்தேன். போதனை என்ன என்று உண்மையாகவே கேட்க எனக்கு ஓராண்டு ஆனது. விலகிய பிறகு, தினமும் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் தெருவில் பார்த்தும் பேசவில்லை. அந்த வலி வெகுநாள் இருந்தது.

ஆகவே போதனையைப் பாருங்கள். இது மனதை அமைதிப்படுத்தும் தியானப் பள்ளி இல்லை. இந்த இயற்கை, இந்த உலகம், இந்த 'நான்' எல்லாமே வீழ்ந்த ஒழுங்கைச் சேர்ந்தவை. எவ்வளவு மெருகேற்றினாலும் தேறாது. இதயத்தில் உறங்கும் ஒரு பொறி விழிக்க, இந்த நான் ஒழியவேண்டும் என்கிறது. இவ்வுலகிலிருந்து மறைஞானத்தால் விடுபட நினைத்த பழைய ஞானவாதிகளின் (நாஸ்டிக்குகள்) குரல் இது. ஃபாமாவின் சகோதரர்களோ இயற்கையைக் கடவுளின் புத்தகமாக விரும்பிப் படித்தவர்கள். அவர்களின் முதல் விதி, நோயாளிகளை இலவசமாகக் குணப்படுத்துவது. பெயரளவில் ரோசன்க்ராய்ட்ஸின் வாரிசு என்றாலும், உள்ளே இந்தப் பள்ளி கதார்களுக்கே நெருக்கம் என்பது என் எண்ணம். இதைக் கேட்டதும் நம்மவர்கள் 'இது நம் சித்தர்கள் சொன்னதுதானே' என்பார்கள். நீங்கள் அவசரப்படாதீர்கள். உடம்பைக் கோயிலாகக் கண்டவர் திருமூலர். இவர்கள் உடம்பு உட்பட இவ்வுலக வாழ்க்கையையே வேறுவிதமாகப் பார்க்கிறார்கள். உங்கள் கத்தோலிக்க நம்பிக்கையோடும் இது முட்டும். மரித்த உடல் உயிர்த்தெழும் என்று நீங்கள் ஞாயிறுதோறும் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

மாணவராக மேலே போகும்போது இறைச்சி, மது, புகை மூன்றையும் விடவேண்டியிருக்கும். அது பெரிய விஷயமில்லை. விலகியவர்கள் ஓரிருவரைத் தேடிப் பேசுங்கள், அது முக்கியம். உள்ளே இருப்பவர்கள் தங்களிடம் இன்னும் பிரியமாக இருக்கிறார்களா என்று அவர்களைக் கேளுங்கள்.

உங்கள் மனைவியின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். ஆம்ஸ்டர்டாமில், கைசர்ஸ்கிராக்ட் கால்வாய்க் கரையில், முகப்பில் ஆறு கல்தலைகள் உள்ள பழைய வீடு ஒன்று இருக்கிறது. ரிட்மன் என்ற டச்சு வணிகர் சேகரித்த மறைஞான நூலகம் இப்போது அங்கேதான். ஒரு விடுமுறைநாளில் உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஆணியின் கதையைச் சொல்லுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று அப்புறம் எழுதுங்கள்.