டாம் மாமாவுக்கு நரை வந்தது எப்போது?

கேள்வி: அமெரிக்க அடிமை முறையை எதிர்த்து ஹாரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய ‘டாம் மாமாவின் குடிசை’ நாவலின் ஆங்கில மறுபதிப்பு ஒன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. பதிப்பித்த ஆண்டு அதில் இல்லை. தப்பியோடும் அடிமைத்தாய் எலைசா குழந்தையை அணைத்தபடி ஆற்றுப் பனிக்கட்டிகள்மீது ஓட, வேட்டை நாய்கள் பாய்ந்து துரத்துவதுபோல் ஒரு முழுப்பக்கப் படம் இருக்கிறது. கதையிலோ அந்த இடத்தில் நாய் எதுவும் வரவில்லை. என் பிரதியில் வரிகள் விடுபட்டிருக்கின்றனவா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: எதுவும் விடுபடவில்லை, ஆசிரியர் எழுதாததை ஓவியர் சேர்த்திருக்கிறார். ஏழாம் அத்தியாயத்தில் ஒஹாயோ ஆற்றங்கரை விடுதிக்கு எலைசாவைத் தேடி வருபவர்கள் அடிமை வியாபாரி ஹேலியும், சாம், ஆண்டி என்ற இரு அடிமைகளும் மட்டுமே. சன்னலருகே எலைசா நிற்பதை முதலில் கண்ட சாம், தொப்பி காற்றில் பறந்துவிட்டதாகப் பாவனை செய்து உரக்கக் கூச்சலிட்டு அவளை எச்சரிக்கிறான். அவள் பக்கவாட்டுக் கதவு வழியாக ஓடிக் குதிக்கிறாள். காலணிகள் போய்விடுகின்றன, காலுறைகள் கிழிகின்றன, மிதித்த இடமெல்லாம் பனியில் இரத்தம் படிகிறது. இதற்குமேல் அச்சமூட்ட நாய்கள் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாய்கள் வந்தது நாடக மேடையிலிருந்து. நாவல் நூலான 1852ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அது நாடகமாகிவிட்டது. பிற்காலத்தில் ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுக்கள், கூட்டம் சேர்ப்பதற்காக உயிருள்ள நாய்களை மேடையில் ஓடவிட்டு, சுவரொட்டிகளில் அவற்றையே பெரிதாகப் போட்டன. நாவலைப் படிப்பதற்கு முன்பே நாடகத்தைப் பார்த்துவிட்ட ஒரு தலைமுறை வாசகர்களுக்கு நாயில்லாத எலைசா எலைசாவாகவே தெரிந்திருக்க மாட்டாள் என்பதால், மறுபதிப்புக்குப் படம் வரைந்தவர்களும் பதிப்பகத்தாரும் சுவரொட்டியின் வழியிலேயே சென்றார்கள். ஆகவே உங்கள் பிரதி முதற்பதிப்புக் காலத்தது அன்று. நாடகக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 1852 மார்ச்சில் பாஸ்டன் நகரின் ஜான் ஜூவெட் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட முதற்பதிப்பில் ஹேமட் பில்லிங்ஸ் வரைந்த முழுப்பக்கப் படங்கள் ஆறே ஆறு. இன்று இந்த நாவல் என்றதும் நினைவுக்கு வரும் பனியாற்றுக் காட்சி அந்த ஆறில் இடம்பெறவில்லை.

கேள்வி: ஒரு பதிப்பில் டாம் அகன்ற மார்புடைய திடகாத்திரமான ஆளாக இருக்கிறான், இன்னொன்றில் கூன் விழுந்த நரைத்தலைக் கிழவன். எது சரி?
– வாசகி, திருச்சி

பதில்: முதலாவதே சரி. நான்காம் அத்தியாயத்தில் டாம் அறிமுகமாகும்போதே பெரிய உடலும் அகன்ற மார்பும் வலிமையும் பளபளக்கும் கருநிறமும் உடையவன் என்று ஸ்டோ எழுதிவிடுகிறார். குடிசையில் அவனுக்கு மோஸ், பீட் என்ற சிறுவர்களும், தோளில் தூக்கி வைத்து ஆட்டும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். கைக்குழந்தைக்குத் தகப்பனானவனைத் தள்ளாத கிழவனாக்குவதற்குக் கதையில் இடமே இல்லை.

பில்லிங்ஸ் இதைப் புரிந்துகொண்டு வரைந்தார். அடிமை முறையை எதிர்த்த ‘லிபரேட்டர்’ இதழின் முகப்புச் சித்திரத்தை 1850இல் வடிவமைத்தவர் அவர்தான் என்பதால், கதையின் நோக்கம் அவருக்குப் புதிதன்று. அவருடைய ஆறு படங்களுள் மிகுதியாக நகலெடுக்கப்பட்டது, கொடிப்பந்தலின்கீழ் சிறுமி ஈவா டாமுக்கு விவிலியம் வாசித்துக் காட்டும் காட்சி. நாவலில் அது பான்சர்ட்ரெய்ன் ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நெருப்புக் கலந்த கண்ணாடிக் கடலைப் பற்றி விவிலியத்தின் வெளிப்படுத்தல் நூலில் வரும் வசனத்தை வாசித்துவிட்டு, அந்திச் செம்மையில் மின்னும் ஏரியைக் காட்டி, அதோ அந்தக் கடல் என்கிறாள் ஈவா. புத்தகம் அவள் மடியில். இருவரும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். ஓர் அடிமையும் எசமானின் மகளும் ஒரே இருக்கையில் நெருங்கி அமர்ந்திருப்பதே அன்றைய வாசகர்களில் பலருக்குத் துணிச்சலாகப் பட்டிருக்கும். கறுப்பின ஓவியரான ராபர்ட் டங்கன்சன் இப்படத்தை அடியொற்றி 1853இல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் டெட்ராய்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் அந்தி வானமும் ஏரியும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன.

நரை ஏறியதெல்லாம் பின்னால்தான். வெள்ளைச் சிறுமிக்குப் பக்கத்தில் வலுவான ஆண் ஒருவன் இருப்பதைக் காட்டிலும் சாதுவான தாத்தா ஒருவர் இருப்பது, மேடையில் பார்ப்பவர்களையும் புத்தகம் வாங்குபவர்களையும் சங்கடப்படுத்தவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கத்திய தோட்ட வாழ்க்கையை இனிய பழங்காலமாக நினைத்து உருகும் மோகம் பரவியபோது, இந்தத் தாத்தா அதற்குக் கச்சிதமாகப் பொருந்தினார். தப்பியோடிய இரு பெண்களின் மறைவிடத்தைச் சொல்ல மறுத்து அடிபட்டுச் சாகும் மனிதனின் பெயர், பிற்காலத்தில் அடிபணிபவனைக் குறிக்கும் வசைச்சொல்லாக மாறியதற்கு இந்தப் படங்களும் நாடகங்களும் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. படத்தோடு வாதாட முடியாது, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது எல்லார் மனத்திலும் பதிந்துவிடும் என்று, இந்நாவல் முதலில் தொடர்கதையாக வெளிவரத் தொடங்குமுன் 1851இல் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியவர் ஸ்டோவேதான். தம் எழுத்தையே ஓவியமாகக் கருதி அவர் சொன்னது, பிறருடைய ஓவியங்கள் அவர் எழுத்தை மறைத்தபோது வேறு விதமாகப் பலித்துவிட்டது.

கேள்வி: ஒரே நாவலுக்கு இத்தனை சித்திரப் பதிப்புகள் ஏன்? ஆசிரியருக்கு இவற்றால் வருமானம் வந்ததா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஜூவெட்டின் பதிப்புகளுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் உரிமைத்தொகை கிடைத்தது. இங்கிலாந்தில் அமெரிக்க நூல்களுக்கு அப்போது பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லாததால், அங்கே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை. எல்லாரிடமும் அதே கதை இருக்கும்போது, என் பதிப்பை வாங்குங்கள் என்று சொல்வதற்குப் படம்தான் துணை. லண்டனில் ஜான் காசெல் 1852லேயே புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க்கைக் கொண்டு 27 மரச்செதுக்குப் படங்களுடன் வெளியிட்டார். திறமையான கைதான், ஆனால் கேலிச்சித்திரப் பழக்கம் துயரக் காட்சிகளிலும் எட்டிப் பார்க்கிறது. பாஸ்டனில் ஜூவெட்டும் சும்மா இருக்கவில்லை. பில்லிங்ஸைக் கொண்டே நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் கொண்ட பெரிய பதிப்பை 1853ஆம் ஆண்டுக்கென வெளியிட்டார்.

மரச்செதுக்குக்கு ஒரு வசதி உண்டு. எழுத்தச்சின் உயரத்துக்கே கட்டை அமைந்திருப்பதால் எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் ஒரே அழுத்தத்தில் அச்சிடலாம். கட்டையிலிருந்து உலோக வார்ப்பு எடுத்து வைத்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம்.

அமெரிக்காவில் 1851இல் தொடங்கிய 42 ஆண்டுப் பதிப்புரிமை 1893இல் முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டே ஹாட்டன் மிஃப்ளின் நிறுவனம் இ. டபிள்யூ. கெம்பிளின் படங்களுடன் அழகிய இரு தொகுதிப் பதிப்பை வெளியிட்டது. உரிமை போவதற்குமுன் சந்தையைப் பிடிக்கும் கணக்கு அதில் தெளிவாகத் தெரிகிறது. உரிமை முடிந்த பின் மலிவுப் பதிப்புகள் புற்றீசலாகக் கிளம்பின.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகளுக்கு வாங்கித் தர விரும்புகிறேன். எந்தப் பதிப்பின் படங்கள் நல்லவை?
– வாசகி, சேலம்

பதில்: கையில் வைத்துப் படிக்க, மெக்சிகோ ஓவியர் மிகேல் கோவருபியாஸ் 1938இல் கல்லச்சு முறையில் வரைந்த 16 படங்கள் கொண்ட பதிப்பைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் படமில்லாத எளிய பதிப்பையே வாங்கிக் கொடுத்து, பில்லிங்ஸ், குரூக்‌ஷாங்க், கெம்பிள் ஆகியோரின் படங்களை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், செலவில்லை. கதையை முடித்த பிறகே படங்களைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் என் பரிந்துரை.