அயோனியன் கடலில் ஒரு வாரம்: பெரிய படகும் சிறிய படகும் சேர்ந்து செல்வது எப்படி? (கேள்வி பதில்)

கிரேக்கத்தின் மேற்குக் கரையையொட்டிய லெஃப்காடா, மெகனீசி, இத்தாக்கா, கெஃபலோனியா தீவுகளைச் சுற்றி வாடகைப் பாய்மரப் படகுகளில் கூட்டமாகச் செல்ல விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. விசா, விமானச் சீட்டு பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நாங்கள் நான்கு குடும்பங்கள். ஒருவர் 45 அடி கேட்டமரான் (இரட்டை உடல் படகு) எடுக்கிறார். எங்களுக்கோ 31 அடி பழைய படகுதான் கட்டுப்படியாகும். சேர்ந்து செல்ல முடியுமா?

பதில்: முடியும், ஆனால் வழித்திட்டத்தை உங்கள் படகை வைத்துத்தான் போட வேண்டும், அவருடையதை வைத்து அன்று. ஒற்றை உடல் கொண்ட படகின் வேக எல்லையை அதன் நீர்மட்ட நீளம், அதாவது நீரைத் தொடும் பகுதியின் நீளம், தீர்மானிக்கிறது: அது 25 அடியானால் ஏறத்தாழ 6.7 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), 36 அடியானால் 8 நாட். நடைமுறையில் சிறிய படகு 5 நாட், பெரியது 6.5 நாட் என்று கணக்கிடுங்கள். 20 கடல் மைலுக்கு நீங்கள் நான்கு மணி நேரமும் அவர்கள் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் எடுப்பீர்கள். அந்த ஒரு மணி நேர வித்தியாசத்தில் யாருக்கும் மனத்தாங்கல் வராது. 40 மைல் திட்டமிட்டால், நீங்கள் துறைக்கு வரும்போது கரையில் இடம் இருக்காது, நண்பர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். கோடையில் அங்கே காலை பெரும்பாலும் காற்றின்றி இருக்கும். மதியத்துக்குமேல் மாயிஸ்ட்ரோ என்னும் வடமேற்குக் காற்று எழுந்து, மாலையில் அடங்கும். ஆகவே சிறிய படகு காலையிலேயே எஞ்சினில் புறப்படட்டும். பெரியவர்கள் நிதானமாகக் காபி குடித்துவிட்டு வரட்டும்.

கேள்வி: சாண்டோரினி உள்ள, ஏஜியன் கடலின் சைக்ளாடிஸ் தீவுகளுக்கே போகலாமே? அதுதானே எல்லோருக்கும் தெரியும்?

பதில்: ஜூலை, ஆகஸ்டில் அங்கே மெல்டெமி என்னும் வடக்குக் காற்று, காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபர்ட் அளவில் 6, 7 வரை பல நாள் தொடர்ந்து வீசும். 31 அடிப் படகில் குழந்தைகளோடு வேண்டாம்.

கேள்வி: எங்களில் ஒருவருக்குத்தான் படகோட்டும் சான்றிதழ் இருக்கிறது. நான்கு படகுகளுக்கும் அவர் போதுமா?

பதில்: போதாது. ஒவ்வொரு படகுக்கும் சான்றிதழ் உள்ள ஒரு தலைவரும், அனுபவமுள்ள இன்னொருவரும் வேண்டும். கூலிக்கு ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) அமர்த்தினால், அவருக்கு உணவும் படுக்கையும் உங்கள் பொறுப்பு. சிறிய படகில் அந்தப் படுக்கைதான் பெரிய இழப்பு.

கேள்வி: செலவை எப்படிப் பிரிப்பது?

பதில்: படகு வாடகை, டீசல், முன்வைப்புத் தொகை (படகு சேதமானால் பிடித்துக்கொள்ளும் பணம்) ஆகியவை அந்தந்தப் படகுக்கு. பொதுவில் சமைக்கும் உணவு தலைக்கணக்கில். உணவகங்களில் படகுவாரியாகத் தனி ரசீது கேளுங்கள். மெகனீசி போன்ற இடங்களில் சில உணவகங்களுக்குச் சொந்தப் படகுத்துறை உண்டு; அங்கே சாப்பிட்டால் படகு கட்டக் கட்டணமில்லை. இலவசம் என்று மகிழ்ந்து ஏழு இரவும் அங்கேயே கட்டினால், சிக்கனப் படகுக்காரரின் பணம் மீனிலும் திராட்சை மதுவிலும் கரைந்துவிடும். பாதி இரவுகளாவது விரிகுடாவில் நங்கூரமிட்டுத் தங்குங்கள்.

கேள்வி: மாலையில் எல்லோரும் கேட்டமரானில்தானே உட்காரப் போகிறோம்? அதன் வாடகையில் ஒரு பங்கை மற்றவர்களும் கொடுப்பதுதானே நியாயம்?

பதில்: இதற்கு ஒரே நாளில் ஐந்து வாசகர்கள் ஆதரவாகவும் எதிராகவும் எழுதியிருக்கிறார்கள். ஒருவர், 'ஐஸும் தண்ணீரும் ஜெனரேட்டர் டீசலும் என் செலவு, விருந்து மட்டும் பொதுவா?' என்று கேட்கிறார். இன்னொருவர், 'துறையில் இரண்டு படகுகளின் இடத்தை அடைப்பவர் எங்களுக்குத்தான் ஈடு தர வேண்டும்' என்கிறார். இருவரிடமும் பாதி நியாயம் உண்டு. 45 அடி கேட்டமரானின் அகலம் உங்கள் படகின் அகலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், இத்தாக்காவின் கியோனி போன்ற சிறிய துறையில் அது கட்டிய பிறகு மற்றவர்கள் திண்டாடுவது உண்மை. (பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது, கட்டுமரம் இவ்வளவு இடம் கேட்டதில்லை.) என் தீர்ப்பு: வாடகை அவருடையது, ஏனெனில் அந்த வசதியைத் தேர்ந்தெடுத்தவர் அவர். விருந்துக்குச் செலவாகும் ஐஸ், தண்ணீர், சமையல் எரிவாயு பொது நிதியிலிருந்து. துறையில் அவர் கடைசியாகக் கட்ட வேண்டும்; இடமில்லையென்றால் அவர்தான் வெளியே நங்கூரமிட வேண்டும்.

கேள்வி: வேகமான படகு முன்னால் போனால் என்ன?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஆகஸ்டில் போகலாமா?

பதில்: வாடகையும் நெரிசலும் உச்சத்தில் இருக்கும். செப்டம்பர் சிறந்தது.

கேள்வி: முன்வைப்புத் தொகையை இழக்காமலிருக்க என்ன செய்வது?

பதில்: பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டிக் கட்டும்போது, நங்கூரத்தைக் கரைக்குச் செங்குத்தாக நேரே இடுங்கள். சாய்வாக இட்டால் உங்கள் சங்கிலி அடுத்தவர் சங்கிலிமேல் விழும். காலையில் அவர் தூக்கும்போது உங்கள் நங்கூரமும் எழும்பிவிடும். அந்த அடுத்தவர் பெரும்பாலும் உங்கள் நண்பராகவே இருப்பார் என்பதுதான் கூட்டப் பயணத்தின் வம்பு.

கேள்வி: இரவில் நான்கு படகுகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிணைத்து ஒரே நங்கூரத்தில் தூங்கலாமா?

பதில்: மதியச் சாப்பாட்டுக்கு, காற்றில்லாத நேரத்தில், பாய்மரங்கள் நேருக்கு நேர் வராதபடி முன்பின்னாகத் தள்ளி நிறுத்தினால் பிணைக்கலாம். இரவில் கூடாது, ஒரு ஃபெர்ரி எழுப்பும் அலையே பாய்மரங்களின் குறுக்குக் கழிகளை ஒன்றோடொன்று மோதவைக்கப் போதும். அதோடு, நங்கூரம் இழுபட்டால் நான்கு படகுகளும் சேர்ந்தே நகரும்.