நாள் தள்ளினால் தைராய்டு மாத்திரையை நிறுத்தணுமா?

திருவாரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருடம் செவிலியராக இருந்தேன். எனக்கும் 27 வயதிலிருந்து தைராய்டு குறைவுதான். இரண்டு பிள்ளைகளையும் மாத்திரை போட்டுக்கொண்டேதான் பெற்றேன். டாக்டருடைய இடத்தில் நான் இல்லை. ஆனால் அவரிடம் போய் என்ன கேட்கணும் என்று சொல்ல முடியும்.

மன்னார்குடியிலிருந்து ஒரு தங்கை: தினமும் 50 மைக்ரோகிராம் போடுறேன். டிஎஸ்எச் 4.6. லேப் தாளில் நார்மல்னுதான் இருக்கு. குழந்தைக்கு முயற்சி பண்ணலாமாக்கா?

கொஞ்சம் பொறும்மா. டிஎஸ்எச் என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்புகிற சுரப்பு; தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் இது ஏறும். தாளில் இருப்பது எல்லாருக்கும் பொதுவான அளவு. மாத்திரை போடுகிறவர்கள் கருத்தரிக்கும் முன் 2.5-க்குக் கீழே வந்துவிடுவது நல்லது. டோஸை மாற்றச் சொல்லிக் கேள். மாற்றி ஆறு வாரம் கழித்து ரத்தம் கொடு. அதற்குமுன் பார்த்தால் சரியான அளவு தெரியாது. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே தொடங்கிவிடு.

கும்பகோணம்: 50, 75, இப்ப 100. டோஸ் ஏறுது, டிஎஸ்எச் இறங்க மாட்டேங்குது.

மாத்திரையை எதோடு போடுகிறாய் என்று முதலில் சொல். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு இதே கதை. நடவு நேரம். வீட்டுக்காரர் விடிகாலை ஐந்துக்கு வயலுக்குக் கிளம்பிவிடுவார். அவருக்கு டிகாஷன் இறக்கும்போதே ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் காப்பி டம்ளர். ஏழு மணிக்கு இட்லியோடு இரும்புச்சத்து மாத்திரை. மருந்து பாட்டில் அடுப்புக்கு மேல் அலமாரியில், ஆவி படுகிற இடத்தில்.

இந்த மருந்துக்கு வெறும் வயிறும் வெறும் தண்ணீரும்தான் வேண்டும். காப்பி, டீ, பால் எதுவானாலும் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. அவளுக்குக் காலையில் அது முடியவே இல்லை. அதனால் ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு மாற்றினோம். பாட்டில் பீரோவுக்குப் போனது. டோஸை ஏற்றாமலே இரண்டு மாதத்தில் 2.1.

பாபநாசம்: எட்டு நாள் தள்ளிப்போயிருக்கு. மாசமா இருக்கும்போது இங்கிலீஷ் மருந்து கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. நிறுத்திட்டேன்.

இன்றைக்கே மறுபடி ஆரம்பிம்மா, கெஞ்சிக் கேட்கிறேன். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் சொந்தமாகத் தைராய்டு சுரப்பு கிடையாது. மூளை வளர்வதற்கு வேண்டியதை உன் ரத்தத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. இந்த மாத்திரை உடம்பில் தானாகச் சுரக்க வேண்டிய அதே சுரப்பு. ஆகாத எதையும் நீ உள்ளே போடவில்லை. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே கேட்க வை. உன் மேலுள்ள அக்கறையில்தான் சொல்கிறார்.

நிறுத்துவது இருக்கட்டும், பெரும்பாலும் கூட்டத்தான் வேண்டியிருக்கும், கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. வாரத்துக்கு ஏழு மாத்திரை போடுகிறவர்களை ஒன்பதாக்கச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. இன்னும் முயற்சியில் இருப்பவர்கள், 'நாள் தள்ளினால் அன்றே எவ்வளவு கூட்டணும்?' என்று முன்கூட்டியே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கர்ப்ப காலத்தில் பாதி முடியும் வரை நாலு வாரத்துக்கு ஒரு தடவை டிஎஸ்எச், 30-வது வாரத்தை ஒட்டி இன்னொரு தடவை.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு தம்பி: முதல் கரு இரண்டாம் மாதமே கலைஞ்சிடுச்சு. அப்புறம்தான் தைராய்டு இருக்கிறது தெரிஞ்சது. தன்னாலதான்னு மனைவி அழறாங்க.

உங்கள் மனைவி எந்தத் தப்பும் பண்ணலை தம்பி. கவனிக்காத தைராய்டு குறைவில் கரு கலையும் வாய்ப்புக் கூடும், நிஜம்தான். ஆனால் ஆரம்பத்தில் கலைவதில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் கோளாறால் நடப்பது. அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. அடுத்த முறைக்கு டிஎஸ்எச்சைக் கட்டுக்குள் கொண்டுவந்தாலே போதும், நம்பிக்கையாக இருக்கலாம். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் யாராவது பேச்செடுத்தால் பதில் சொல்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேதாரண்யம்: முட்டைக்கோஸ், மரவள்ளிக்கிழங்கு அறவே விடணுமா? எங்க வீட்ல கல் உப்புதான்.

வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம். உப்புதான் முக்கியம். உப்பளம் பக்கத்திலேயே இருந்தாலும், அயோடின் சேர்த்ததா என்று பார்த்து வாங்குங்கள். கர்ப்ப காலத்தில் நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். மூடி போட்ட டப்பாவில் வைத்து, குழம்பு இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

நாகப்பட்டினம்: பிரசவத்துக்கு அப்புறம்? பால் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். பிரசவம் ஆனதும் பெரும்பாலும் பழைய டோஸுக்கே திரும்பச் சொல்வார்கள்; ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட். பிள்ளைக்கும் பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் அவசரத்தில் அது விட்டுப்போகாமல் நீங்களே கேட்டு வாங்குங்கள்.