15 லட்சத்துக்குள் பழைய ஸ்போர்ட்டி எஸ்.யு.வி. வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வி கேட்ட நண்பர் கோவைக்காரர். கையில் 15 லட்சம் இருக்கிறது, அதில் புதிதாகச் சின்ன எஸ்.யு.வி. ஒன்றை எடுப்பதை விட 2013-லிருந்து 2017 வரை வந்த பி.எம்.டபிள்யூ எக்ஸ்1, எக்ஸ்3, ஆடி கியூ3, கியூ5 இவற்றில் ஒன்றை எடுக்கலாமா, எடுத்தால் எங்கே மாட்டிக்கொள்வேன் என்று கேட்டிருக்கிறார்.

எடுக்கலாம். நான் இதே மாதிரி ஒரு ஜெர்மன் எஸ்.யு.வி.யைச் சென்னையில் மூன்றாவது கைக்கு வாங்கி நாலரை வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கும் பிடித்துத்தான் ஓட்டுகிறேன். ஆனால் முதல் வருடம் நான் பட்ட பாடு நீங்கள் படக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. புதிதில் 45, 50 லட்சத்துக்கு விற்ற வண்டியை நீங்கள் 13 லட்சத்துக்கு வாங்கினாலும் அதன் பார்ட்ஸ் விலை 50 லட்சம் ரூபாய் வண்டியின் விலைதான். வண்டிக்குத்தான் வயதாகி விலை இறங்குகிறது, கியர்பாக்ஸுக்கும் டர்போவுக்கும் யாரும் விலை குறைத்துத் தருவதில்லை. அதனால் 15 லட்சம் கையில் இருந்தால் 12-க்கு வண்டி பாருங்கள். மீதி மூன்று லட்சத்தைத் தொடாமல் வையுங்கள். இந்த மூன்று லட்சம் இல்லாதவர் இந்த வண்டிகள் பக்கமே போக வேண்டாம் என்று என் நெருங்கிய நண்பர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

சரி, வண்டி பார்க்கப் போகும்போது. காலையில் போங்கள், முந்தைய இரவிலிருந்து யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், "இப்பத்தான் சார், பார்க்கிங்லேர்ந்து எடுத்து விட்டேன்" என்று எவ்வளவு பணிவாகச் சொன்னாலும், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். ஏனென்றால் இந்த இன்ஜின்களின் பெரிய நோய்கள் பல, குளிர்ந்த இன்ஜின் உயிர் பெறும் முதல் ஐந்து பத்து நொடிகளில்தான் வாய் திறக்கும்.

அதில் முதல் நோய் டைமிங் செயின், அதாவது வால்வுகள் பிஸ்டனோடு நேரம் ஒத்துத் திறந்து மூட வைக்கும் சங்கிலி. முதல் தலைமுறை எக்ஸ்1 டீசலிலும், 2014-இல் திருத்தி வெளியிட்ட மாற்றத்துக்கு முந்தைய எக்ஸ்3 20டி-யிலும் இருப்பது என்47 என்ற 2 லிட்டர் இன்ஜின். அதில் டைமிங் செயின் இன்ஜினின் முன்பக்கம் இல்லை, பின்னால் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அது தளர்ந்தால் செயினை மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டும், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் போய்விடும். 2007-லிருந்து 2011 தொடக்கம் வரை தயாரான இன்ஜின்களில்தான் இந்தப் புகார் அதிகம், அதற்கு அப்புறம் வந்தவற்றில் குறைவு. உங்கள் 2013 கணக்குப்படி பெரும்பாலும் தப்பிவிடுவீர்கள், ஆனாலும் ஸ்டார்ட் ஆனதும் இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து, அதாவது டாஷ்போர்டை ஒட்டிய இடத்திலிருந்து, தகரத்தில் சங்கிலி உரசுகிற மாதிரி சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பெட்ரோல் பக்கம் பார்த்தால் அதே நிறுவனத்தின் என்20 டர்போ இன்ஜினில், 2015 வரை வந்தவற்றில், செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு நொறுங்குவது தெரிந்த விஷயம். நொறுங்கிய துண்டுகள் இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் விழுந்து ஆயில் உறிஞ்சும் குழாயை அடைத்துவிடும். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மெலிதாக ஊளையிடுவது போன்ற சத்தம் அதற்கு அடையாளம்.

ஆடி கியூ5-இல் 2012-க்கு முன் தயாரான 2.0 டி.எஃப்.எஸ்.ஐ. பெட்ரோல் இன்ஜினில் வேறு கதை. பிஸ்டன் ரிங் வடிவமைப்பால் ஆயில் குடிக்கும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பழைய மாதிரி என்றால் மாற்றியே ஆக வேண்டும். உங்கள் ஆண்டு வரம்புக்கு வெளியேதான், ஆனால் புரோக்கர்கள் "2011 மாடல் சார், ஒரு லட்சம் குறைச்சுக்கலாம்" என்று ஆசை காட்டுவார்கள். அந்த ஒரு லட்சத்துக்காக வரம்பைத் தளர்த்தாதீர்கள்.

டீசல் பி.எம்.டபிள்யூ என்றால் கூலன்ட் அளவை மறக்காமல் பாருங்கள். 2018-இல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் வரிசையாகத் தீப்பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். இன்ஜினுக்கே திரும்பிப் போகும் புகையைக் குளிர வைக்கும் இ.ஜி.ஆர். கூலரில் கூலன்ட் கசிந்து, கரியோடு சேர்ந்து படிந்து, சூடான புகை பட்டு, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டே உருகிப் பற்றியதுதான் காரணம். கொரியாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், பிறகு மற்ற நாடுகளிலும் அழைத்தார்கள். அதனால் நீங்கள் பார்க்கும் வண்டியின் சேஸிஸ் நம்பரை வாங்கி, திரும்ப அழைத்துச் செய்ய வேண்டிய வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

இனி கியர்பாக்ஸ். இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி வரும் பி.எம்.டபிள்யூ என்றால் அது நல்ல பெட்டி, ஆயில் மட்டும் மாற்றியிருக்க வேண்டும். "வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லாத ஆயில்" என்று கார் நிறுவனம் சொன்னதை நம்பி ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் அதே ஆயிலில் ஓட்டியவர்கள் நிறைய. பெட்டியைத் தயாரித்த நிறுவனமோ 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. பில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஆடி கியூ3 டீசலில் வருவது ஆயிலில் நனைந்த இரட்டை கிளட்ச் பெட்டி, 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் ஓடிக்கொண்டே இருக்கும்.

உங்கள் பட்ஜெட்டில் ஃபோக்ஸ்வாகன் டைகுன் ஜி.டி., ஸ்கோடா குஷாக் 1.5 போன்ற புது வயது வண்டிகளும் வரும், யாராவது அதைச் சொல்வார்கள். அவற்றின் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது ஏழு கியர் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி., அதாவது ஆயிலில் நனையாத இரட்டை கிளட்ச் உள்ள டி.கியூ.200 பெட்டி. சூட்டையும் டிராஃபிக்கையும் விரும்பாத பெட்டி அது. 2013-இல் சீனாவில் இந்த டி.எஸ்.ஜி. பெட்டிகளுக்காக 3,84,000-க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதற்கு அப்புறம் நிறையத் திருத்தியிருக்கிறார்கள், இருந்தாலும் எடுத்தால் வாரன்டி மிச்சம் இருக்கும் வண்டியாக எடுங்கள். சோதிப்பது எளிது: அரை மணி நேரம் காந்திபுரம் மாதிரி நெரிசலில் ஊர்ந்து ஓட்டிவிட்டு, மேட்டில் நிறுத்தி மெல்ல நகர்த்துங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது உதறினாலோ, ரிவர்ஸ் போட்டால் ஒரு நொடி யோசித்து இடித்து ஏறினாலோ கிளட்சோ, கியர் மாற்றத்தை ஆளும் மெக்கட்ரானிக் யூனிட்டோ கேள்விக்குறி. காலியான பைபாஸில் ஓட்டிக் காட்டினால் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் தெரியும்.

என்னுடைய கதை நாலு சக்கர டிரைவில்தான். நான் வாங்கும்போது பின்னால் இரண்டு புது டயர், முன்னால் இரண்டு பாதி தேய்ந்த டயர், நாலுக்கும் ஒரே அளவுதான், கம்பெனி மட்டும் வேறு வேறு. "புது டயர் போட்டே கொடுக்கிறேன்" என்று விற்றவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம். மூன்று மாதத்தில் பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி நடுங்க ஆரம்பித்தது. முன், பின் டயர்களின் சுற்றளவு வித்தியாசத்தால் இரண்டு ஆக்ஸிலும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், அதைச் சரிக்கட்டவே, முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளே இருக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிக்கொண்டு வேலை செய்யும், கடைசியில் அது எரிந்து தேயும். எனக்கு டிரான்ஸ்ஃபர் கேஸும் நாலு டயரும் சேர்த்து இரண்டே முக்கால் லட்சம் ஆனது. வாங்குகிற அன்று குனிந்து நாலு டயரையும் படித்திருந்தால் அந்த வண்டியை விட்டிருப்பேன், அல்லது விலையில் குறைத்து வாங்கியிருப்பேன்.

அதனால் டயரைப் படியுங்கள் என்கிறேன். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் தயாரானது. நாலும் ஒரே கம்பெனியா, ஒரே மாடலா, தேய்மானம் ஒன்றுபோல் இருக்கிறதா, உள்பக்க விளிம்பு மட்டும் வழுக்கையாகி இருக்கிறதா என்று பாருங்கள். உள்விளிம்பு மட்டும் போயிருந்தால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் செத்திருக்கும், நம் ஊர் வேகத்தடைகளுக்கு இந்த வண்டிகளில் அதுதான் முதல் பலி. பிறகு காலி மைதானம் ஒன்றில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, மெதுவாக, எட்டு போட்டுப் பாருங்கள். நடுங்கினாலோ தடுக்கி தடுக்கிப் போனாலோ எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும். எக்ஸ்1-இல் பெயரில் எஸ்டிரைவ் என்று இருந்தால் இரண்டு சக்கர டிரைவ்தான், இந்தக் கவலையே இல்லை. நம் சாலைகளுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

ஸ்போர்ட்டி வண்டி என்பதால் இன்னொரு சந்தேகமும் வர வேண்டும்: யாராவது ரீமேப் செய்து, அதாவது பவர் கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றி, ஓட்டியிருக்கிறார்களா? ஸ்டேஜ் 1 என்ற முதல் படி ரீமேப் போட்டு இரண்டு வருடம் விரட்டிவிட்டு, விற்கும் முன் பழைய சாஃப்ட்வேரை ஏற்றிவிடுவார்கள். வெளி மார்க்கெட் ஏர் ஃபில்டர், மாற்றிய சைலன்சர், கழற்றிப் பூட்டிய தழும்புள்ள கிளாம்ப்கள், டீசலில் புகைக் கரியை வடிகட்டும், உள்ளே காலி செய்யப்பட்ட டி.பி.எஃப். இவைதான் தடயம். அதிக பவர் ஏற்றியதைச் சுமந்தது டர்போவும் கியர்பாக்ஸும். சாஃப்ட்வேரை மாற்றலாம், ஓடிய தேய்மானம் போகாது.

ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை, அந்த பிராண்டில் வேலை பார்த்தவரை, கூடவே கூட்டிப் போங்கள். இரண்டாயிரமோ ஐயாயிரமோ கேட்டால் கொடுத்துவிடுங்கள். எரர் கோடு ஒன்றும் இல்லை என்பது மட்டும் நல்ல செய்தி ஆகாது. நேற்றுத்தான் அழித்திருந்தால் வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ரெடினஸ் சோதனைகள் முடியாமல் நிற்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரைக் குறைத்திருந்தால் சில சமயம் கியர்பாக்ஸ் போன்ற வேறு கன்ட்ரோல் யூனிட்டுகளில் பதிவான கிலோமீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

சென்னை வண்டி என்றால் வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நின்ற கார்களில் எத்தனையோ துடைத்து வாசனை அடித்து விற்பனைக்கு வந்தவை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் ரெயிலின் அடியில் துரு, கார்பெட்டுக்குக் கீழே ஈரப் பஞ்சு, ஒயர் கனெக்டரில் பச்சை படிதல், இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். இந்த வண்டிகளில் சில கன்ட்ரோல் யூனிட்டுகள் தரையோடு ஒட்டியும் டிக்கிக்குள்ளும் இருக்கின்றன, தண்ணீர் குடித்தவை இன்றைக்கு ஓடும், அடுத்த மழைக்கு ஒன்றொன்றாகப் போகும். வெள்ளமே பார்க்காத வண்டியிலும் பனோரமிக் சன்ரூஃபின் வடிகால் குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் இறங்கும். அதனால் கார்பெட்டைத் தூக்கிப் பார்ப்பதை எங்கேயும் விட வேண்டாம்.

டில்லி வண்டி மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 2025-இல் அந்த நீதிமன்றமே அதைத் தளர்த்தும் வரை பத்து வருடத்தை நெருங்கும் டீசல்களைத் தள்ளிவிட்டார்கள். வண்டி நன்றாகவே இருக்கலாம். என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி எல்லாம் கூட்டினால் மிச்சம் எவ்வளவு என்று பேப்பரில் போட்டுப் பாருங்கள், கடன் கொடுத்தவரின் உரிமையைக் காட்டும் ஹைப்போதிகேஷன் நீக்கியிருக்கிறதா என்பதையும் ஆர்.சி.யில் பாருங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் எதை எடுப்பேன்? 2014 மாற்றத்துக்குப் பிந்தைய எக்ஸ்3 20டி, முழு சர்வீஸ் பில்லோடு, ஒரே கையில் ஓடியது கிடைத்தால் கிலோமீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தாலும் எடுப்பேன். அது பட்ஜெட்டுக்குள் வராவிட்டால் 2015, 2016 கியூ3 டீசல். ஹைவேயில் ஒரு லட்சம் ஓடி நேரத்துக்கு ஆயில் பார்த்த டீசலை, ஊருக்குள்ளேயே 40,000 ஓடி பில் ஒன்றும் இல்லாத வண்டியை விட நூறு மடங்கு நம்புவேன். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டியின் ஆண்டு, இன்ஜின், நாலு டயரின் தேதி எண்கள் மூன்றையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.